விரியத் தயங்கும் இதயம்

நெஞ்சுவலிக்காகக் கோவையில் எக்கோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களின் அறிக்கையில் இரண்டு வரிகளை அடிக்கடி பார்க்கலாம். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு 60 விழுக்காடு என்று முதல் வரி சொல்லும். அது நல்ல செய்தி. அதற்குக் கீழே ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேடு 1’ என்று இருக்கும். பெரும்பாலான வீடுகளில் முதல் வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “பம்பிங் நல்லா இருக்குதுங்க, பயப்பட ஒண்ணுமில்லீங்க” என்று அறிக்கையை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் இரண்டாம் வரியைச் செல்பேசியில் தேடிப் படித்துவிட்டு, இதயமே செயலிழந்ததாக எண்ணித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

இந்த இரண்டாம் வரி, இதயம் தளர்ந்து விரிவதில் உள்ள குறையைச் சொல்கிறது. மேடேறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்கிற ஒருவரின் அறிக்கையில் இந்த வரி வந்தால், அதற்குமேல் விசாரித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை விளக்க, தசையின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

சுருங்கும்போது இதயம் உழைக்கிறது, விரியும்போது ஓய்வெடுக்கிறது என்று பள்ளிப் பருவம் முதலே நினைத்து வந்திருக்கிறோம். செல் அளவில் நடப்பது வேறு. சுருங்குவதற்காகச் செல்லுக்குள் பரவிய கால்சியத்தைத் துடிப்பு முடிந்ததும் திரும்ப அதன் கிடங்கில் ஏற்ற வேண்டும். செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஏற்றுகிற வேலை என்பதால் அதற்கு ஆற்றல் செலவாகிறது. ஒன்றையொன்று பற்றி இழுத்த ஆக்டின், மயோசின் இழைகள் பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது அந்த ஏ.டி.பி. தீர்ந்துவிடுவதால்தான். ஆக, இதயம் தளர்வதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ரத்த ஓட்டம் சற்றே குறைந்தாலும் முதலில் தடுமாறுவது இந்தத் தளர்வுதான்.

பம்பு செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். டெலிவரி பைப்பில் தண்ணீர் விழும் வேகத்தை மட்டும் பார்த்து யாரும் பம்பை எடைபோடுவதில்லை. சக்‌ஷன் பிடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நல்ல நிலையில் உள்ள இடது கீழறை சுருங்கி முடித்ததும் சட்டென்று விரிந்து, மேலறையில் நிற்கும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இளம் வயதில் கீழறை நிரம்புவதில் முக்கால் பங்குக்கு மேல் இந்த முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும். எஞ்சியதை மேலறை கடைசியில் ஒருமுறை சுருங்கித் தள்ளிவிடும். உறிஞ்சல் மந்தமானால் மேலறையின் பங்கு கூடும். இன்னும் மோசமானால் மேலறையின் அழுத்தமே உயரும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் நாளங்களை எட்டும்போது மூச்சு வாங்குகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரிந்திருக்கும் நேரத்தில்தான் போகிறது. சுருங்கும்போது தசை தன் நாளங்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சிக்கு 0.8 வினாடி. அதில் விரிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை வினாடி. துடிப்பு கூடக் கூட முதலில் குறைவது இந்த விரிவு நேரம்தான். தமனியில் அடைப்புள்ளவர் படியேறும்போது தசையின் தேவை கூடுகிறது. தசைக்கு ரத்தம் போகும் நேரமோ சுருங்குகிறது. தளராத தசை உள்ளிருந்தே நாளங்களை அழுத்துவதால் வரத்து இன்னும் குறைகிறது. ரத்தக் குறைவு தளர்வைக் கெடுக்க, கெட்ட தளர்வு ரத்தத்தை மேலும் குறைக்கிறது.

மனித இதயத்தில் இந்த வரிசையை நேரில் பார்க்கும் வாய்ப்பு பலூன் சிகிச்சை வந்தபிறகுதான் கிடைத்தது. 1977இல் சூரிச்சில் ஆண்டிரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலில் இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். பலூன் ஊதியிருக்கும் சில வினாடிகள் தமனி முழுதாக அடைபடும். 1984இல் உல்ரிச் சிக்வார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் அந்த வினாடிகளில் என்னென்ன, எந்த வரிசையில் நடக்கின்றன என்று பதிவு செய்தார்கள். முதலில் தளர்வு கெடுகிறது, பிறகு சுருக்கம், அடுத்து கீழறை அழுத்தம் உயர்கிறது, இசிஜியில் மாற்றம் அதற்கும் பின்னால், நோயாளி வலி என்று சொல்வது கடைசியில். 1987இல் நெஸ்டோவும் கோவால்சக்கும் இந்த வரிசைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்கள். வலி இல்லாதபோது எடுத்த இசிஜி சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தளர்வு முதலில் கெடுகிறது என்பதற்கான சான்று அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ராபர்ட் போனோ குழுவினர் 1981இல் கதிரியக்க முறையில் இதயத் தமனி நோயாளிகளின் கீழறை நிரம்பும் வேகத்தை அளந்தார்கள். ஓய்வில் சுருக்கம் இயல்பாக இருந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு நிரம்பும் வேகம் குறைந்திருந்தது. மறு ஆண்டு, பலூனால் அடைப்பைத் திறந்தபின் நிரம்பும் வேகம் மேம்பட்டதையும் காட்டினார்கள். தளர்வுக் குறை முழுவதும் தழும்பேறிய, திரும்பாத சேதம் அன்று. ரத்தம் கிடைத்தால் ஒரு பகுதியாவது மீளும் என்று அதிலிருந்து தெரிந்தது. நோயாளிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த அளவை இன்று நமக்குத் தருவது எக்கோ. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1953இல் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக வெடிப்புகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்த மீயொலிக் கருவியை இரவல் வாங்கி இதயத்தைப் பார்த்தார்கள். டாப்ளர் முறை சேர்ந்த பிறகு ரத்தம் பாயும் வேகத்தையும் அளக்க முடிந்தது. 1988இல் ஆப்பிள்டன், ஹாட்லே, பாப் மூவரும் ஈரிதழ் வால்வு வழியே ரத்தம் பாயும் விதங்களைக் கீழறையின் அழுத்தத்தோடு பொருத்திக் காட்டினார்கள். ‘கிரேடு’ கணக்கின் வேர் அங்கே இருக்கிறது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து 58 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டாக ரத்த அழுத்தம், ஆறு ஆண்டாகச் சர்க்கரை. காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு பாரமாகிறது; நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுப்போகிறது. இசிஜி இயல்பு. எக்கோ அறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார், இடது கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு. ஜெல் தடவிய புரோப் இடது மார்பின் கீழ்ப்பகுதியில் அழுந்துகிறது. திரையில் ஈரிதழ் வால்வின் நுனியில் அளவுப் புள்ளியை வைத்ததும், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கூம்புகள் எழுகின்றன. முதல் கூம்பு ‘ஈ’ அலை, கீழறை தானாக உறிஞ்சியது. இரண்டாவது ‘ஏ’ அலை, மேலறை தள்ளியது. இவருக்கு ஈ அலையின் வேகம் வினாடிக்கு 48 சென்டிமீட்டர், ஏ அலைக்கு 74. உயரமாக இருக்க வேண்டிய முதல் கூம்பு குட்டையாகிவிட்டது.

பிறகு திசு டாப்ளர். ரத்தத்தை விட்டுவிட்டு, வால்வு வளையம் அசையும் வேகத்தை நேரடியாக அளப்பது. இதை ‘ஈ பிரைம்’ என்பார்கள். இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர்ப்பக்கம் வினாடிக்கு 7 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, வெளிச்சுவர்ப்பக்கம் 10க்குக் குறைந்தாலோ தளர்வு மந்தம் என்று 2016ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ அமைப்புகளின் வழிகாட்டி சொன்னது. இவருக்கு 5, 7. ஈ அலையை ஈ பிரைமின் சராசரியால் வகுத்தால் 8. அது 14ஐத் தாண்டினால்தான் மேலறை அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். மேலறையின் பருமனும் அளவுக்குள் இருக்கிறது. முடிவு: கிரேடு 1. தளர்வு குறைந்திருக்கிறது, ஓய்வில் அழுத்தம் உயரவில்லை.

“ஏனுங் டாக்டர், அடைப்பு இருக்குதுங்களா?” என்று அந்த அம்மா கேட்டால், எக்கோவை மட்டும் வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே வழிகாட்டியின் படிநிலை வரைபடத்தில் கிரேடு 1 என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: நோயாளிக்கு அறிகுறி இருந்தால் இதயத் தமனி நோயை எண்ணிப் பார்க்கவும், அல்லது உழைப்பின்போது தளர்வை அளக்கும் சோதனைக்குப் போகவும். அவசர வேலையில் கண்ணில் படாமல் போகிற குறிப்பு இது. அந்த அம்மாவின் விஷயத்தில் முழு அறிக்கையிலும் முக்கியமான வாக்கியம் அதுவே என்பேன்.

எச்சரிக்கை மறுபக்கமும் வேண்டும். வயது ஏற ஏற எல்லோருக்கும் தளர்வு மந்தமாகும். அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு எந்த நோயும் இல்லாமலே இரண்டாம் கூம்பு உயர்ந்திருக்கும். அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட 2,042 பேரிடம் மார்கரெட் ரெட்ஃபீல்டு குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 20.8 விழுக்காட்டினருக்கு லேசான குறையும், 6.6 விழுக்காட்டினருக்கு நடுத்தரக் குறையும், 0.7 விழுக்காட்டினருக்குக் கடுமையான குறையும் இருந்தன. இதயச் செயலிழப்பு என்று உறுதியானவர்களோ 2.2 விழுக்காடுதான். ஆகவே இந்த வரி வந்த எல்லோரும் இதய நோயாளிகள் அல்லர். அதே ஆய்வில், லேசான குறை உள்ளவர்களிடமும் அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு கூடுதலாகவே இருந்தது. பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம் என்று இரண்டையும் ஒரே ஆய்வு சொல்கிறது.

இதைவிட ஏமாற்றுவது கிரேடு 2. நோய் முற்றி மேலறை அழுத்தம் ஏறும்போது, குட்டையாகிவிட்ட முதல் கூம்பு மறுபடி உயர்ந்து, பார்வைக்கு இயல்பான இதயம் போலவே ஆகிவிடும். கூம்புகளை மட்டும் அளந்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதும் அவசர எக்கோவில் இது தப்பிப்போகும். திசு டாப்ளரும் மேலறைப் பருமனும் சேர்த்துப் பார்த்தால், அல்லது நோயாளியை மூச்சடக்கி முக்கச் சொல்லிப் பார்த்தால் வேடம் கலையும். எக்கோவுக்குப் போகிறவர்கள் மேலறையின் பருமன் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது நல்லது. ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருந்த அழுத்தத்தின் தடம் அங்கேதான் தங்கும்.

கொங்குப் பகுதியில் இந்த நோய் மறைந்துகொள்ள வழிகள் பல. வில்லியம் ஹெபர்டன் 1768இல் லண்டனில் படித்து 1772இல் அச்சான கட்டுரையில், நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் நெஞ்சைப் பிடித்து, நின்றதும் விட்டுவிடும் வேதனையை வர்ணித்தார். சென்னிமலை, மருதமலைப் படிகளில் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறவர் சொல்வதும் அச்சு அசலாக இதுதான். ஆனால் வீட்டில் அதற்குப் பெயர் வாய்வு. ஓமத்தண்ணீர், சோடா, பெருங்காயம் கலந்த மோர் என்று நாள் ஓடிவிடும். நின்றதும் வலி போய்விடுவதால் குடித்ததுதான் குணமாக்கியது என்ற நம்பிக்கை இறுகிவிடுகிறது. வெள்ளியங்கிரியில் 2024 மலையேற்றப் பருவத்தில் சிலர் உயிரிழந்த செய்திகளைப் படித்திருப்போம். இதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அங்கே அறிவிக்கிறார்கள். தனக்கு இதயக் கோளாறு உண்டு என்று தெரியாதவருக்கு அந்த அறிவிப்பு எப்படி எட்டும்?

மூச்சிரைப்பாக மட்டும் வெளிப்படும் நோயின் கதை இன்னும் சிக்கல். பஞ்சாலையில் முப்பது ஆண்டு நின்றவருக்கு மூச்சு வாங்கினால், பஞ்சுத் தூசி என்று பக்கத்து வீட்டுக்காரர்கூட நோயைக் கண்டுபிடித்துவிடுவார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்மையானது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். மேடேறும்போது மட்டும், அல்லது படுத்தால் மட்டும் மூச்சு முட்டுவது வேறு. இன்ஹேலரை மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை எக்கோ பார்ப்பது பல முன்னாள் மில் தொழிலாளர்களுக்கு நியாயம் செய்வதாகும்.

பின்னணியில் இருக்கும் காரணங்களோ ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றன. கோவை கே.எம்.சி.எச். மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டியில் விவசாயக் குடும்பங்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, கிராமம் என்றால் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை உடைத்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே நிறைய இருந்தன. கணிசமானோர் அதுவரை ஒருமுறைகூட அவற்றைப் பரிசோதித்துக்கொண்டதே இல்லை. தளர்வைக் கெடுக்கும் பெரிய காரணங்களில் இவ்விரண்டும் முன்னணியில் நிற்கின்றன. உயர் அழுத்தம் சுவரைத் தடிக்க வைக்கிறது. சர்க்கரை, தசைக்குள் ஓடும் நுண்நாளங்களைக் கெடுக்கிறது.

நுண்நாளம் என்று சொல்லும்போது, ஆஞ்சியோ முடிந்து “அடைப்பு ஒன்றும் இல்லை” என்று அனுப்பப்படுகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவர்களில் பெண்கள் அதிகம். ஆஞ்சியோவில் தெரிவது பெரிய தமனிகள் மட்டும். அதன் கண்ணுக்குத் தப்பும் நுண்நாளங்கள் வேண்டியபோது விரியாவிட்டாலும் தசைக்கு ரத்தம் போதாது. வலி வரும், தளர்வும் கெடும். பெரிய தமனி சுத்தமாக இருந்து, வலி உண்மையாக இருந்து, எக்கோவில் தளர்வும் குறைந்திருந்தால், நோயாளியின் மனப்பிரமை என்று தள்ளுவதற்கு மருத்துவத்தில் இடமில்லை. “உனக்கு ஒண்ணும் இல்லையாம், சும்மா பயந்துக்கிறே” என்று வீட்டில் சொல்லக் கேட்கும் பெண்ணுக்கு அந்த எக்கோ வரி ஒருவகையில் சாட்சியாக நிற்கிறது.

நம் மாநிலம் திடீர் மாரடைப்பு விஷயத்தில் பெருமைப்படத்தக்க வேலை செய்திருக்கிறது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு மாரடைப்புத் திட்டம், சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் 108 ஆம்புலன்ஸ் வழியே இணைத்தது. 2,420 நோயாளிகளை வைத்து 2017இல் வெளியான அதன் முடிவில், ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கிடைக்கச் செய்தது. மாரடைப்புக்கு முந்தைய ஆண்டுகளுக்கு, நின்றால் விட்டுப்போகும் அந்த வலியின் காலத்துக்கு, இவ்வளவு தெளிவான பாதை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வருகிறவர்கள் “மேடேறினால் நெஞ்சைப் பிடிக்கிறதா, நின்றால் விடுகிறதா?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் அந்தப் பாதைக்கு வாசல் கிடைத்துவிடும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. உறுதிப்பட்ட நெஞ்சுவலி நோயாளிக்குத் துடிப்பைக் குறைக்கும் மருந்து விரிவு நேரத்தைக் கூட்டித் தருகிறது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது சுவரின் சுமையைக் குறைக்கிறது. நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வலியைத் தணிக்கும். ஆனால் நெஞ்சுவலி இல்லாத, தளர்வுக் குறையால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு நாள்தோறும் நைட்ரேட் கொடுத்த 2015ஆம் ஆண்டுச் சோதனையில் அவர்களின் நடமாட்டம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. ஒருவருக்குக் கேட்ட மாத்திரையை இன்னொருவர் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. சுருக்கம் பெரிதும் குன்றாமல் இதயச் செயலிழப்பு வந்தவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் பயன்படும் என்று 5,988 பேரிடம் நடந்த சோதனை 2021இல் காட்டியது. இந்தியாவில் 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. கிரேடு 1 என்ற வரிக்காக மட்டும் அதைத் தொடங்குவதற்குச் சான்று கிடையாது. ஸ்டென்ட் பற்றிய பயமும் அவசரமும் இரண்டுமே தேவையில்லை: 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஒரு பன்னாட்டுச் சோதனையில், நிலையான நோய் உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனது இறப்பைக் குறைக்கவில்லை, அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது.

நெஞ்சுவலியும் தளர்வுக் குறையும் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் எம்.டி. ஆய்வேடுகளில் விருப்பமான தலைப்பு. அவற்றில் பெரும்பாலானவை ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களை ஒருமுறை அளந்து, எத்தனை பேருக்குக் குறை இருந்தது என்று எண்ணிச் சொல்வதோடு நிற்கின்றன. நமக்கு வேண்டியது பத்தாண்டுத் தொடர்ச்சி: நல்லாம்பட்டி போன்ற ஒரு ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் எக்கோ எடுத்து, ஈ பிரைமையும் மேலறைப் பருமனையும் குறித்து வைத்து, யாருக்கு வலி வந்தது, யாருக்கு மாரடைப்பு வந்தது, அழுத்தம் கட்டுப்பட்டவர்களின் தளர்வு மீண்டதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது. அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் வகுத்த 7, 10, 14 என்ற எல்லைகள் வேறு உடல்வாகும் வேறு உணவும் கொண்ட கொங்கு விவசாயிக்கும் நெசவாளிக்கும் அப்படியே பொருந்துமா என்பதற்கு அதில்தான் விடை கிடைக்கும். கருவியும் பழகிய கைகளும் கோவையில் இருக்கின்றன. எக்கோ இயந்திரத்தைக் கையில் தூக்கிப்போய் ஊராட்சி அலுவலகத்தில் வைத்து அளக்கும் அளவுக்கு அது சிறிதாகியும் விட்டது.